இன்கமிங் நிமிடங்கள்

இலங்கைத் தொலைத்தொடர்பின் கதையைக் கொழும்பில் யார் சொன்னாலும் 'தெற்காசியாவில் முதல்' என்றுதான் தொடங்குவார்கள். 1989இல் செல்டெல் கொண்டுவந்த கைபேசிச் சேவை தெற்காசியாவில் முதல். 2006இல் டயலொக் கொண்டுவந்த 3ஜி முதல். எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியவையும்தான். ஆனால் ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் அந்தக் கூட்டங்களில் ஒரு கேள்வியை யாரும் எழுப்பி நான் கண்டதே இல்லை. இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது?

ஜப்பானிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் முதலீடு வந்தது, உலக வங்கிக் கடன் வந்தது என்பார்கள். வந்ததுதான். ஆனால் முதலீடு செய்தவர் எதை நம்பிச் செய்தார்? வெளிநாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்த கோல்களை நம்பி. போரில் சிதறிப்போன தமிழ்க் குடும்பங்களும், வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன சிங்கள, முஸ்லிம், தமிழ்ப் பெண்களும் ஊரோடு பேசிய நிமிடங்கள்தான் இந்த வலையமைப்பின் அத்திவாரத்தில் பெரும்பங்கு. கணக்குப் பிரிவில் பல காலம் வேலை செய்தவள் என்ற முறையில் இதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில், பழைய நிலைமை. கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி போட்டது 1858இல். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகத் தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1980இல்தான் தொலைத்தொடர்புக்குத் தனித் திணைக்களம் வந்தது. தனித் திணைக்களம் என்றாலும் அரச திணைக்களம்தானே. சம்பாதித்த காசு திறைசேரிக்குப் போய்விடும். புதுக் கம்பி போட வேண்டுமென்றால் மற்ற எல்லாத் திணைக்களங்களோடும் வரிசையில் நின்று வரவு செலவுத் திட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். போர்ச் செலவு ஏறிக்கொண்டிருந்த எண்பதுகளில் தொலைபேசிக்கு யார் கொடுப்பார்கள்? இலாபம் தரக்கூடிய ஒரு சேவை வளராமல் கிடந்ததற்கு ஊழியர்களின் சோம்பல்தான் காரணம் என்று பேசுவது அநியாயம். உழைத்த காசு அவர்கள் கையில் நிற்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலும் நூறு பேருக்கு ஓர் இணைப்புத்தான் இருந்தது. அதிலும் பெரும்பகுதி கொழும்பில். விண்ணப்பம் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். எம்.பி.யின் கடிதம், அமைச்சரைத் தெரிந்தவரின் சிபாரிசு என்று அலைந்தார்கள். வாடகை வீடு பார்க்கப் போனால் தண்ணீர், மின்சாரம் கேட்ட கையோடு "போன் இருக்கோ?" என்று கேட்பார்கள். இருந்தால் வாடகை கூட.

செல்டெல்லின் அனுமதிப்பத்திரத்தை நான் பெரிய விஷயமாக நினைப்பது இதனால்தான். 1989இல் செல்டெல், 1992இல் கோல்லிங்க், 1993இல் மொபிடெல், 1995இல் ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்தோடு டயலொக். இரண்டு கோடிப் பேர்கூட இல்லாத ஒரு நாட்டில், ஆறு வருடத்துக்குள் நான்கு கைபேசிக் கொம்பனிகள்! கைபேசி பணக்காரர்களின் சாமான் என்று எல்லோரும் நினைத்ததால் அரசாங்கத் தொலைபேசிக்கு அது போட்டியாக வரும் என்று யாரும் தடுக்கவில்லை. பக்கத்து நாடுகள் பல இன்னும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே கதவு திறந்தாகிவிட்டது. 1991இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, திணைக்களம் கூட்டுத்தாபனமாகியது. 1996இல் அதே சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுத்தாபனம் ஸ்ரீ லங்கா டெலிகொம் என்ற கொம்பனியாகியது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அப்போதுதான் பிறந்தது. அதே ஆண்டு சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு தனியார் கொம்பனிகளுக்குக் கம்பியில்லாத நிலையான இணைப்புக் கொடுக்க அனுமதி கிடைத்தது. வீட்டுக் கூரையில் சின்ன அன்டனா பூட்டி, கீழே சாதாரண டெலிபோன் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு வேண்டியிருந்தது உள்ளூர்க் கோல் அல்ல.

மாமா காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட, ஒரு கொமியூனிகேஷன், அதாவது காசு கொடுத்துத் தொலைபேசியில் பேசும் கடை, வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பாலம் வரைக்கும் பத்துக் கடைக்கு ஒரு கடையாவது கொமியூனிகேஷனாக இருக்கும். வாசலில் 'ஐடிடி, பேக்ஸ், போட்டோகொப்பி' என்று மூன்று மொழியிலும் போர்டு. உள்ளே மூன்று கண்ணாடிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல், ஒரு டெலிபோன், தலைக்கு மேலே சின்ன மின்விசிறி. கல்லாவில் மீற்றர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில் நான் அந்தக் கல்லாவில் இருக்கத் தொடங்கினேன். பிறகு கணக்கியல் படித்தபோதும் பின்னேரங்களில் தொடர்ந்தேன்.

வெளியே எடுக்கும் கோலுக்கு வருகிறவர்கள் குறைவு. கனடாவுக்கோ லண்டனுக்கோ மூன்று நிமிடம் பேசினால் ஒரு கூலியாளின் நாட்சம்பளம் போய்விடும். ஆகவே சில விநாடிக்கு மட்டும் எடுத்து, "அம்மா வந்திருக்கிறன், இந்த நம்பருக்கு எடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அங்கிருந்து திரும்ப எடுப்பார்கள். இங்கே பேசுகிறவர் நிமிடத்துக்குச் சில ரூபாய் கடைக்குக் கொடுத்தால் போதும். இதற்குக் கடை மொழியில் 'இன்கமிங்'. கடை ஓடியது இன்கமிங்கில்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பலிலும் பஸ்ஸிலும் வந்து, லொட்ஜில் தங்கி, மகனின் குரலைக் கேட்பதற்காகவே கடைக்கு வந்த அம்மாமாரை எனக்குத் தெரியும். நேரத்துக்கு முன்பே வந்து வாங்கில் இருந்துவிடுவார்கள்.

"பிள்ளை, மகன் எத்தினை மணிக்கெண்டு சொன்னவன்?"

"பத்தரைக்கு எண்டவர் அம்மா. இன்னும் நேரம் இருக்கு."

"அங்க இப்ப என்ன நேரம்?"

"நடுச்சாமம். வேலை முடிஞ்சு வந்துதான் எடுப்பார்."

"அப்ப சாப்பிட்டிருக்க மாட்டான்."

கூண்டுக்குள் போனால் முதல் இரண்டு நிமிடம் அழுகை. பிறகு அவசர அவசரமாக விஷயம். தங்கச்சியின் சம்பந்தம், காணி உறுதி, ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டிய காசு, ஊரில் செத்தவர்களின் பெயர்கள். கண்ணாடி சத்தத்தைத் தடுக்காது. மாமா ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், பேசுகிறவருக்கு ஒரு மறைவாக இருக்கட்டும் என்று.

அந்தக் கூண்டுக்குள் நடந்த பேச்சுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது பிறகு ஒரு தொலைத்தொடர்புக் கொம்பனியில் சர்வதேசக் கணக்குத் தீர்க்கும் பிரிவுக்கு நான் வேலைக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. ரொறன்ரோவில் மகன் கோல் எடுக்கிறார். அவரிடம் காசு வாங்குவது கனடாக் கொம்பனி. ஆனால் அந்தக் கோல் கடலைத் தாண்டி இலங்கைக்குள் நுழைந்து வெள்ளவத்தையில் மணியடிக்க வேண்டுமென்றால் இலங்கைக் கொம்பனியின் வலையமைப்பு வேண்டும். அதற்குக் கனடாக் கொம்பனி நிமிடத்துக்கு இவ்வளவு என்று இலங்கைக் கொம்பனிக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் டொலரில். நாங்கள் வெளியே எடுத்தால் இங்கிருந்து அங்கே கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் கழித்து மிச்சத்தைத் தீர்ப்பார்கள். இலங்கையிலிருந்து வெளியே போன நிமிடங்களைவிட உள்ளே வந்த நிமிடங்கள் மிக அதிகம். ஆகவே மிச்சம் எப்போதும் இலங்கைப் பக்கம்தான் வந்தது. அந்தக் காலத்து விகிதம் உண்மையான செலவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்ததால், அதில் பெரும்பகுதி இலாபம்.

தேயிலைக்கும் ஆடைக்கும் ஏற்றுமதி வருமானம் என்று ஆண்டறிக்கையில் அட்டவணை போடுகிறோம். கூண்டுக்குள் அழுத அந்த அம்மாவின் பன்னிரண்டு நிமிடமும் ஏற்றுமதிதான்.

1997க்கு வருவோம். அந்த ஆண்டு டெலிகொமின் 35.2 வீதப் பங்கை ஜப்பானின் என்டிடி நிறுவனம் 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. முகாமைத்துவமும் ஐந்து வருடத்துக்கு அவர்கள் கையில். 3.5 வீதம் ஊழியர்களுக்குப் போனது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சிறுபான்மைப் பங்குக்கு ஜப்பான்காரர்கள் இவ்வளவு காசு கொடுத்ததற்குக் காரணம் செம்புக் கம்பி அல்ல. சர்வதேசக் கோல் 2002 ஆகஸ்ட் வரைக்கும் டெலிகொமுக்கு மட்டுமே சொந்தம் என்ற ஏகபோக உரிமை அந்த ஒப்பந்தத்தோடு ஒட்டியிருந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஒரே வாசலால்தான் வர வேண்டும்.

அந்த ஏகபோகத்தை நான் முழுக்கக் கண்டிக்க மாட்டேன். அந்த ஐந்தாறு ஆண்டில் நிலையான இணைப்புகள் இரண்டு மடங்கைத் தாண்டின. எங்கள் ஒழுங்கையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த வீடுகளுக்கெல்லாம் மளமளவென்று கம்பி வந்தது. பழுதென்று அறிவித்தால் ஆள் வந்தார். ஜப்பானிய ஒழுங்கு என்று ஊழியர்களே சொல்வார்கள். சர்வதேச வருமானம் இந்த முறை திறைசேரிக்குள் கரையாமல் கம்பியாக மாறியது. அது நல்ல காரியம். ஆனால் யாருடைய காசு எந்த ஊரில் கம்பியாக மாறியது என்றும் கேட்க வேண்டும். கோல் வந்தது வடக்கையும் கிழக்கையும் மலைநாட்டையும் சேர்ந்த குடும்பங்களுக்கு. கம்பி முதலில் போனது மேல் மாகாணத்துக்கு. போர் நடக்கும் இடத்தில் கம்பி போட முடியாது என்பது நியாயமான பதில்தான். போர் நடக்காத ஹட்டனுக்கும் பதுளைக்கும் அந்தப் பதில் பொருந்தாது.

2002 ஆகஸ்டில் உரிமை முடிந்தது. 2003இல் அரசாங்கம் சர்வதேச வாசலைத் திறந்து, முப்பதுக்கும் மேற்பட்ட கொம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது. விலை சரிந்தது. காலி வீதிக் கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மாமா லெமினேட்டிங் மெஷின் வாங்கிப் போட்டார், பிறகு ரீலோட் கார்ட் விற்றார், பிறகு கடையை ஒரு துணிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "சனம் வீட்டில இருந்து கதைக்குதுகள். அது நல்லதுதானே?" என்றார்.

இதற்குள் கைபேசி பணக்காரர் கையிலிருந்து இறங்கிவிட்டது. 2000இல் நாடு முழுவதும் சுமார் 4.3 இலட்சம் கைபேசிகள். 2002இல் நிலையான இணைப்புகளை முந்திவிட்டன. 2009இல் சுமார் 1.4 கோடி. மற்ற நாட்டுக்காரர் நம்ப மாட்டாத ஒரு வழக்கம் இங்கே இருந்தது. கோல் எடுப்பவருக்கும் காசு வெட்டும், எடுத்துப் பேசுபவருக்கும் காசு வெட்டும். ஆகவே யாரும் உடனே எடுத்துப் பேசுவதில்லை. ஒரு மணி அடித்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்', இரண்டு அடித்தால் 'கூப்பிட வா', விடாமல் அடித்தால் மட்டும் அவசரம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மிஸ்ட் கோல் மொழி. சந்தையில் மீன் விற்கிறவரும் முச்சக்கரவண்டிக்காரரும் அதில் வல்லவர்கள். 2009 ஜனவரியில் எயார்டெல் ஐந்தாவது கொம்பனியாக வந்து விலையை உடைத்த பிறகுதான் இந்த நிலை மாறியது. டயலொக் போன்ற பெரிய கொம்பனிகூட 2008, 2009 இரண்டு ஆண்டும் நட்டக் கணக்குக் காட்டியது. கொம்பனிகள் ஒன்றையொன்று தின்று சாகாமல் இருக்க 2010இல் ஆணைக்குழு தலையிட்டுக் கட்டணத்துக்கு ஒரு கீழெல்லை வைத்தது. விலைக்குக் கீழெல்லை வைப்பது எனக்குப் பிடித்த முறையல்ல. ஆனால் உள்வரும் அழைப்புக்குக் காசு வெட்டுவதும் அத்தோடு ஒழிந்ததால் ஏழை வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

வடக்கில் இந்தக் கதையே வேறு. தொண்ணூறுகளின் முதற்பாதியில் குடாநாட்டுச் சனத்துக்குத் தொலைபேசி என்ற ஒன்றே இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் கடிதம்தான். 2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்த பிறகு கைபேசிக் கோபுரங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போயின. வீட்டில் ஒருமுறைகூட மணியடித்திராத சனம் நேரே கைபேசிக்குத் தாவியது. 2006 ஆகஸ்டில் வீதி மூடியதும் கைபேசிச் சேவையும் நின்று நின்று வந்தது. இராணுவக் காரணம் என்பார்கள். சேவை நின்ற நாட்களில் கொழும்பிலிருந்த நாங்கள் பட்டதை எழுதப் போனால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு சேவையை முடக்குவது சுலபம் என்று இந்த நாடு வடக்கில்தான் பழகிக்கொண்டது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது சமூக ஊடகங்களை நிறுத்தினார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில், சனம் தெருவுக்கு இறங்கியபோதும் நிறுத்தினார்கள். அந்தக் கடைசித் தடை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை, எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தது. கொழும்பு நண்பர்கள் பலருக்கு அது முதல் அனுபவம். எங்களுக்கு அல்ல.

போர் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். சிடிஎம்ஏ போன். மேசையில் வைக்கும் சாதாரண டெலிபோன் போலவே இருக்கும், பின்னால் ஒரு குட்டி அன்டனா, கம்பி இல்லை. கடையில் வாங்கி அன்றே பேசலாம். நாடு முழுவதும் நிலையான இணைப்புகள் 2004இல் 10 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2007இல் 27 இலட்சம். மூன்றே ஆண்டில்! தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் அந்தப் போன் போனது. கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் நிற்கும் மலையகப் பிள்ளைகள் அதுவரை ஊருக்குப் பேச வேண்டுமென்றால் தோட்டத்து அலுவலக நம்பருக்கு எடுத்து, கிளாக்கர் ஐயா மனம் வைத்தால் தகவல் போகும். அது மாறியது. எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற அக்கா முதல்முறை தன் அம்மாவோடு நேரே பேசிவிட்டு, ரிசீவரை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

இனி, என் மனதில் இருக்கும் முக்கியமான விஷயம்.

சர்வதேச வாசல் திறந்தபோது அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. உள்ளே வரும் வெளிநாட்டுக் கோல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் அறவீடு போட்டது. 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் இருக்கிறது. தொலைத்தொடர்பு அபிவிருத்திக் கட்டணம் என்று பெயர். சேவை எட்டாத கிராமங்களுக்கு வலையமைப்பைக் கொண்டுபோகும் கொம்பனிகளுக்கு உதவ வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நூற்றுக்கு நூறு சரி. ஊரோடு பேசுகிறவரிடமிருந்து எடுத்து ஊருக்கே கொடுப்பது. ஆனால் எடுப்பது ஒழுங்காக நடந்தது, கொடுப்பது அப்படி நடக்கவில்லை. 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறையில் ஏறிய படம் உலகம் முழுவதும் போனது. அறவீடு தொடங்கிப் பதினேழு வருடத்துக்குப் பிறகு எடுத்த படம் அது. தோட்டப்புறங்களில் படம் எடுக்க யாரும் போகவில்லையே தவிர, அதே பாறையும் அதே மரமும் அங்கேயும் இருந்தன. அதன் பிறகுதான் கிராமங்களுக்குக் கோபுரம் கட்ட ஆணைக்குழு செலவில் பங்கு கொடுக்கும் திட்டம் வேகம் பிடித்தது.

ஆணைக்குழுவிடம் காசு இல்லாமல் இல்லை. 2015 சனாதிபதித் தேர்தலுக்கு முன்பு அதன் 600 மில்லியன் ரூபாய் 'சில்' துணி விநியோகத்துக்குப் போனது. சில் என்பது பௌத்தர்கள் போயா நாளில் உடுத்தும் வெள்ளைத் துணி. இதற்காக அதன் உயர் அதிகாரிகள் இருவருக்கு 2017இல் மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. சட்டப்படி அவர்கள் குற்றமற்றவர்கள், அதை நான் ஏற்கிறேன். என் கேள்வி நபர்களைப் பற்றியதல்ல. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்த வைத்திருக்கும் காசு துணிக்குப் போகக்கூடிய அளவுக்கு அந்தப் பெட்டியின் பூட்டு தளர்வாக இருந்தது. அந்தப் பெட்டிக்குள் கூண்டுக்குள் அழுதவர்களின் காசும் இருந்தது.

இதற்கு மேல் வரி. 2011இல் எல்லாத் தொலைத்தொடர்பு வரிகளையும் ஒன்றாக்கி 20 வீத அறவீடு என்றார்கள். பிறகு அது ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. 2018க்கான வரவு செலவுத் திட்டத்தில் கோபுரம் ஒன்றுக்கு மாதம் இரண்டு இலட்சம் ரூபாய் வரி போடவும் முன்மொழிந்தார்கள். மலையில் ஒரு கோபுரம் கட்டினால் அதைப் பார்க்கும் வீடு நூறுகூட இராது. அதற்கும் இரண்டு இலட்சமென்றால் யார் கட்டுவார்கள்? நல்லவேளை, அது கைவிடப்பட்டது.

கேபிளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் கிட்டத்தட்ட முழுவதாகப் படுத்துவிட்டன. ஒரே கேபிளை நம்பியிருந்தோம். இப்போது கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும் கேபிள்கள் கரையேறுகின்றன. 2006இல் கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தனிக் கேபிளும் போட்டார்கள். இந்த விஷயத்தில் நாடு பாடம் படித்தது. 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது கேபிள் இருந்தது, கோபுரத்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அது தொலைத்தொடர்புக்காரரின் பிழையல்ல.

சரி, இன்றைய நிலை. ஐந்து கைபேசிக் கொம்பனிகள் மூன்றாகிவிட்டன. எடிசலாட் 2018இல் ஹட்ச் என்ற கொம்பனியோடு சேர்ந்தது. செல்டெல்தான் ரிகோவாகி, எடிசலாட்டாகி, கடைசியில் அங்கே போய் முடிந்தது. நிலையான இணைப்பில் சன்டெல்லை டயலொக் 2012இல் வாங்கியது. 2024இல் எயார்டெல் இலங்கைச் சேவையையும் டயலொக் தன்னோடு சேர்த்துக்கொண்டது. டெலிகொமும் மொபிடெல்லும் ஒரே வீடு. சின்ன நாட்டுக்கு ஐந்து கொம்பனி தாங்காது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 5ஜிக்கு வேண்டிய முதலீட்டை நட்டத்தில் ஓடும் கொம்பனி செய்யாது. ஆனால் 1989இலிருந்து நாங்கள் பெற்ற நன்மை ஒவ்வொன்றும் இன்னொருவர் உள்ளே வந்தபோதுதான் கிடைத்தது. மூன்று பேர் மட்டும் இருக்கும் சந்தையில் ஆணைக்குழு முன்பைவிடப் பத்து மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும். செய்மதி இணையத்துக்கு வழிவிட 2024இல் சட்டத்தைத் திருத்தியதும், அதன்படி ஸ்டார்லிங்க் 2025இல் சேவை தொடங்கியதும் எனக்கு நம்பிக்கை தருகின்றன. தோட்டத்துப் பிள்ளை வாங்கக்கூடிய விலையில் அது இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடம் வாங்கலாம், ஒரு தோட்ட வைத்தியசாலை வாங்கலாம். அதற்கு மானியம் கொடுக்க மேலே சொன்ன அறவீட்டுக் காசைவிடப் பொருத்தமானது வேறில்லை.

டெலிகொமின் பங்குக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரர்கள் 2008இல் வெளியேறினார்கள். இப்போது மலேசியத் தொடர்புள்ள ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 44.98 வீதம். திறைசேரியிடம் 49.5 வீதம். மிச்சம் ஐந்தரை வீதம்தான் ஊழியரிடமும் பொதுமக்களிடமும். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் தன் பங்கை விற்க முயன்றது. 2024 தொடக்கத்தில் வாங்க முன்வந்தவர்களில் இந்தியாவின் ஜியோ நிறுவனமும் ஒன்று. தேசியப் பாதுகாப்பு என்று சொல்லிச் சிலர் எதிர்த்தார்கள். கடன் சுமை என்று சொல்லிச் சிலர் ஆதரித்தார்கள். ஆட்சி மாறியதும் விற்பனை நின்றது.

விற்பதா, வைத்திருப்பதா என்பதில் எனக்குக் கொள்கைப் பிடிவாதம் இல்லை. 1997 விற்பனை நல்லதும் செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அப்போது விலை பேசியவர்கள், அந்தச் சொத்தின் மதிப்பு யாருடைய நிமிடங்களால் ஏறியது என்று பேசவில்லை. அடுத்த முறை மேசையில் இரண்டு காரியம் இருக்க வேண்டும். ஒன்று, 2004இலிருந்து அபிவிருத்திக் கட்டணமாக எவ்வளவு சேர்ந்தது, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது, எவ்வளவு போகவில்லை என்ற கணக்கு, மூன்று மொழியிலும், ஆண்டுவாரியாக. இரண்டு, யார் வாங்கினாலும், வாங்காமல் அரசே வைத்திருந்தாலும், நுவரெலியா, பதுளை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பின் படுவான்கரை ஆகிய இடங்களில் எந்தத் திகதிக்குள் எந்த வேகத்தில் இணைப்பு என்ற எழுத்துமூல நிபந்தனை, தவறினால் தண்டத்தோடு. முதலாவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கணக்கு எழுதிய புத்தகங்கள் ஏற்கெனவே அலுமாரியில் இருக்கின்றன.